தறிப்பட்டறையில் போன காது திரும்ப வருமா?

கேள்வி: வணக்கம். நாங்கள் குமாரபாளையம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 47 வயது. இருபது வயதிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு மூன்று வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. டிவியை அலற விடுகிறார். ஃபோனில் பேசினால் பாதி புரிவதில்லை. "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியல" என்கிறார். மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், கொஞ்சம் குரலை உயர்த்தினால் "ஏன் கத்துற?" என்று கோபம். ராத்திரியில் காதுக்குள் ஓயாத இரைச்சல். டாக்டரிடம் காட்டியதற்கு நரம்பு வீக் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா? மிஷின் வைத்தால் இருக்கிற காதும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? காதுக்கு ஏதாவது வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றால், "எனக்குச் சத்தம் பழகிப்போச்சு, வேணும்னா பஞ்சு வெச்சுக்கிறேன்" என்கிறார். பட்டறைக்காரரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். ஆறு மாதமாகப் பெரிய பையனும் அவரோடுதான் தறிக்குப் போகிறான், 19 வயது. வேலை விட்டு வந்தால் அவனுக்கும் காது அடைத்த மாதிரி இருக்கிறதாம். காலையில் சரியாகிவிடுகிறது. நானும் அங்கேதான் தறிக்கு வேண்டிய தார் (குறுக்கு நூல் சுற்றிய குச்சி) சுற்றுகிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

ரிப்போர்ட்டை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பொதுவாக ஏதாவது சொல்லலாமே தவிர, உருப்படியாகச் சொல்ல முடியாது.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்குப் போன கேட்கும் திறன் திரும்பாது. அதற்கு ஆபரேஷன் இல்லை, மாத்திரையும் இல்லை. மூன்று மாதம் சாப்பிட்டது பெரும்பாலும் பி12 சேர்ந்த நரம்புச் சத்து மாத்திரையாக இருக்கும். உடம்பில் அந்தச் சத்து குறைவாக இருப்பவர்களுக்கு அது தேவைதான், ஆனால் சத்தத்தால் அழிந்த உள்காதுச் செல்லை அது மீட்டுத் தராது. இனி அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். யாராவது பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்வார்கள், அதையும் செய்ய வேண்டாம். கோளாறு இருக்கும் இடத்துக்கு அந்த எண்ணெய் போய்ச் சேரவே சேராது.

இப்போது அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தாளில் சிவப்பு வட்டங்கள் வலது காது, நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. இடமிருந்து வலமாகப் போகப் போகக் கனத்த ஒலியிலிருந்து கீச்சு ஒலிக்குப் போகிறோம். மேலிருந்து கீழே இறங்க இறங்க, அந்த ஒலி அவருக்குக் கேட்க எவ்வளவு சத்தம் கூட்ட வேண்டியிருந்தது என்று அர்த்தம். சத்தத்தை டெசிபெல் என்ற அளவிலும், ஒலி எவ்வளவு கீச்சு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவிலும் சொல்வார்கள். 25 டெசிபெல் வரை இருந்தால் இயல்பு. அவருடைய வலது காது 500 ஹெர்ட்ஸில் 20, 1000-த்தில் 25. நன்றாகவே இருக்கிறது. 2000-த்தில் 40. 4000-த்தில் ஒரேயடியாக 65-க்கு விழுகிறது. 8000-த்தில் மறுபடி 45-க்கு ஏறிக்கொள்கிறது. இடது காதும் கிட்டத்தட்ட அதே கோடு.

4000-த்தில் விழுந்து 8000-த்தில் எழுந்துகொள்ளும் இந்தப் பள்ளம்தான் சத்தத்தின் கைரேகை. வயதால் வரும் குறைபாட்டில் கோடு 8000 வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும், நடுவில் பள்ளம் விழுந்து எழாது. சர்க்கரை, சிகரெட், சில டிபி ஊசிகள் எல்லாம் காதைக் கெடுக்கக் கூடியவைதான், அவை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனாலும் 27 வருடத் தறியும் இந்தப் பள்ளமும் சேர்ந்து வரும்போது வேறு காரணத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து எடுத்த டெஸ்ட்டும் அதே அளவைத்தான் காட்டுகிறது. செவிப்பறை, அதற்குப் பின்னால் இருக்கும் குட்டி எலும்புகள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன, கோளாறு உள்காதில்தான் என்று அதற்குப் பொருள். ஆபரேஷன் என்று நீங்கள் கேள்விப்பட்டது அந்தக் குட்டி எலும்பு இறுகிப்போனவர்களுக்கோ, செவிப்பறையில் ஓட்டை விழுந்தவர்களுக்கோ செய்வது. உள்காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, காது கிட்டத்தட்ட முழுதாகப் போனவர்களுக்கு. இவருக்கு இரண்டுமே பொருந்தாது.

ரிப்போர்ட்டின் அடியில் "மைல்டு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவர் தெம்பாகியிருப்பார். அது 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி வகுத்த சராசரி, 28 வருகிறது. உண்மையான சேதம் இருக்கும் 4000 அந்தக் கணக்கில் சேரவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் "லேசாத்தான் இருக்குன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே ஐந்து வருடத்தை ஓட்டிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியல" என்று அவர் சொல்வது மிகத் துல்லியமான வர்ணனை. பேச்சில் சத்தத்தைத் தருவது அ, ஆ, ஊ போன்ற உயிர் ஒலிகள். அவை கனத்த பக்கம், அதாவது அவருக்கு நன்றாகக் கேட்கும் பக்கம் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது க், ச், ட், த், ப் போன்ற மெய் ஒலிகள். அவற்றின் நுனி 2000-த்துக்கு மேலே இருக்கிறது. ஆகவே நீங்கள் பட்டு என்றாலும் பத்து என்றாலும் அவருக்கு ஒன்றுபோலத்தான் வந்து விழும். ஃபோனில் இன்னும் மோசம். சாதாரண ஃபோன் அழைப்பில் அந்த மேல் பகுதியில் ஒரு பங்கு வெட்டப்பட்டே வருகிறது, வாயைப் பார்க்கவும் வழியில்லை.

வாயைப் பார்ப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தறிக்காரர்கள் எல்லோருமே உதடு படிப்பவர்கள். பட்டறைக்குள் அவர் எதிர் வரிசை ஆளிடம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள்: வாயை அகலத் திறந்து, கையால் ஜாடை காட்டி, சத்தமே இல்லாமல் ஒரு முழு உரையாடல் நடக்கும். இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில்களில் தறி ஓட்டிய பெண்களும் இதையேதான் செய்தார்கள், அதற்கு "மீ-மாவிங்" என்று தனிப் பெயரே இருந்தது. இந்தத் திறமையால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குக் குறைபாடு தாமதமாகத் தெரிய வருகிறது. எதிரில் நின்று பேசினால் சமாளித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மாட்டிக்கொள்வார். நீங்கள் இரண்டு மூன்று வருடமாக என்கிறீர்கள். பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தால் சேதம் ஆரம்பித்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும்.

இனி "பழகிப்போச்சு". உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு சுருதிக்கு. இதை உங்களுக்குத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும்: பாவு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இழை அறுந்தால் துணி எப்படியோ ஓடிவிடும், ஒரே இடத்தில் வரிசையாக அறுந்தால் அங்கே கோடு விழுந்துவிடும். 4000 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் அவருக்கு அப்படி விழுந்துவிட்டது. பாவில் முடிச்சுப் போடலாம், இங்கே முடியாது. கோழி, குருவிக்கெல்லாம் இந்தச் செல்கள் செத்தாலும் மறுபடி முளைக்கும். 1980களின் கடைசியில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து மனிதக் காதிலும் முளைக்க வைக்க விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வைத்தியமாக அது இன்னும் ஆகவில்லை.

கண் கூசினால் இமை மூடிக்கொள்ளும், காதுக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் கடுமையாக இருந்த தறிச் சத்தம் இப்போது தொந்தரவாக இல்லை என்றால், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டிய செல்களில் ஒரு பகுதி இப்போது இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். மனதும் கொஞ்சம் பழகியிருக்கும்தான். ஆனால் மனது பழகியதால் காதுக்கு விழும் அடி ஒரு துளியும் குறையாது.

"ஏன் கத்துற?" சண்டைக்கும் இதுதான் காரணம், குணக்கேடு இல்லை. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுத்து, பெரிய ஒலியைத் தூக்காமல் விடுவது வெளி வரிசை மயிர்ச் செல்களின் வேலை. அவைதான் சத்தத்துக்கு முதல் பலி. அவை போன பிறகு, கேட்காத அளவுக்கும் காது வலிக்கும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. நீங்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே அவருக்கு அது அதட்டலாகப் போய்ச் சேரும். குரலை ஏற்றுவதைவிட, எதிரில் வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, நிதானமாகப் பேசினால் புரியும். மிக்ஸி ஓடும்போதோ டிவி அலறும்போதோ முக்கியமான விஷயத்தை ஆரம்பிக்காதீர்கள்.

ராத்திரி இரைச்சலும் இதே சேதத்தின் கிளைதான். உள்ளே இருந்து வர வேண்டிய சேதி வராத இடத்தில் மூளையே ஓர் ஒலியை உண்டாக்கிக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பகலில் வெளிச் சத்தம் மூடிவிடும், ராத்திரி அமைதியில் தெரியும். ஃபேனோ, மெல்லிய பாட்டோ ஓடவிட்டுப் படுத்தால் பலருக்கு அது அமுங்கும். அதற்கென்று விற்கும் மாத்திரைகளை நம்ப வேண்டாம்.

சரி, இப்போது எனக்கு அதிகக் கவலை தரும் ஆளிடம் வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மகன். அப்பாவுக்குப் போனது போயிற்று. அவனுக்கு இப்போதுதான் போக ஆரம்பிக்கிறது, அதுவும் தடுக்கக் கூடிய நேரத்தில்.

வேலை விட்டு வந்ததும் காது அடைத்து, காலையில் சரியாவதற்குத் தற்காலிகக் கேட்புத் தேய்வு என்று சொல்வோம். செல்கள் களைத்து விழுந்து, ஒரு ராத்திரி அமைதியில் எழுந்து நிற்கின்றன. தினமும் விழுந்தால் ஒரு கட்டத்தில் சில எழுவதில்லை. காலையில் சரியாகிவிட்டது என்று அவன் உணர்வதைக்கூட முழுதாக நம்ப முடியாது. 2009-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து வந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையையே உலுக்கியது: கேட்கும் அளவு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பிய பிறகும், மயிர்ச் செல்லை நரம்போடு இணைக்கும் முனைகளில் பாதி வரை சில இடங்களில் நிரந்தரமாக அழிந்திருந்தது. மனிதர்களில் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. நான் என்றால் அந்தப் பந்தயத்தில் 19 வயதுக் காதை வைக்க மாட்டேன்.

இன்னொன்று. சத்தத்தால் வரும் இழப்பு எல்லா வருடமும் ஒரே வேகத்தில் போவதில்லை. முதல் பத்துப் பதினைந்து வருடங்களில்தான் 4000-த்துப் பள்ளம் வேகமாக ஆழமாகும். அப்பா இழந்ததில் பெரும்பகுதியை அவர் முப்பதுகளைத் தாண்டும் முன்பே இழந்திருப்பார். மகன் இப்போது நிற்பது அந்த வேகமான பகுதியின் வாசலில்.

எவ்வளவு சத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஓடும் விசைத்தறிகள் வரிசையாக இருக்கும் பட்டறையில் 95 முதல் 105 டெசிபெல் வரை இருக்கும். 100 என்று வைத்துக்கொள்வோம். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை: 3 ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 ஏறினால் பத்து மடங்கு. அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லில் நிற்கலாம் என்பது 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் இன்னும் தாராளம், 8 மணி நேரத்துக்கு 90. அதன்படி பார்த்தாலும் 100-க்கு 2 மணி நேரம்தான். உங்கள் பக்கம் ஷிப்ட் 12 மணி நேரம்.

பஞ்சு இதில் எந்த மூலைக்கு? தளர்வாகத் திணித்த பஞ்சு ஐந்தாறு டெசிபெல் குறைத்தால் பெரிது. வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியைத்தான் அது தரும். காது அடைப்பான் என்று தனியாகவே இருக்கிறது, இயர் பிளக் என்று கேளுங்கள். ஈரோட்டில் சேஃப்டி ஷூ, ஹெல்மெட் விற்கும் கடைகளில் கிடைக்கும். இரண்டு வகை. மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் நுரைப் பஞ்சு மாதிரி இருப்பது ஒன்று, நன்றாக அடைக்கும், ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும். மரக்கூம்பு மாதிரி அடுக்கடுக்காக, கயிறு கோத்த சிலிகான் இன்னொன்று, கழுவி மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். கிரீஸும் பஞ்சுத் தூசியும் படிந்த கையோடு நுரைப் பிளக்கை உருட்டினால் காதில் சீழ் வைத்துவிடும். ஆகவே பட்டறைக்கு நான் சிலிகானைத்தான் சொல்வேன். தலையில் மாட்டும் பெரிய மஃப் நல்லதுதான், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதை யாரும் பத்து நிமிடம் வைத்திருக்க மாட்டார்கள்.

நுரை வகையே வாங்கினால் போடும் முறை முக்கியம். விரல்களுக்குள் உருட்டி மெல்லிய குச்சியாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், அப்போதுதான் காதுத் துளை நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். ஓடும் தறிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. அட்டையில் 30 டெசிபெல் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் பாதிதான் கிடைக்கும். பரவாயில்லை, 100-லிருந்து 15 குறைந்தால் 85.

ஒரு கணக்கு மட்டும் பையனுக்குச் சொல்லுங்கள். 30 டெசிபெல் அடைக்கும் பிளக்கைப் பாதி நேரம் போட்டு, பாதி நேரம் கழுத்தில் தொங்கவிட்டால் கிடைக்கும் மொத்தப் பாதுகாப்பு 15 இல்லை, வெறும் 3. கழற்றியிருக்கும் நேரத்தில் வாங்கும் அடி அவ்வளவு பெரியது. தார் மாற்றும்போது, பேசும்போது என்று அடிக்கடி கழற்றுவதாக இருந்தால் போடுவதில் அர்த்தமில்லை. பேச வேண்டும் என்றால் வெளியே வந்து கழற்றட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் இதற்குச் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். தறி ஓடும் சத்தத்தை வைத்துத்தான் நூல் அறுந்ததா, நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்ததா என்று கண்டுபிடிப்பேன், காதை அடைத்தால் எப்படி வேலை பார்ப்பது என்பார். நியாயமான கேள்வி. காது நன்றாக இருப்பவர்களுக்கு, அதாவது மகனுக்கு, அது பிரச்சினையே இல்லை. எல்லாமே சேர்ந்து இறங்குவதால் இரண்டு வாரத்தில் வித்தியாசங்கள் பிடிபட்டுவிடும். இவ்வளவு சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதுகூடச் சிலருக்குப் பிளக் போட்டபின் தெளிவாகத்தான் கேட்கும். அப்பாவுக்கு நிலைமை வேறு. ஏற்கெனவே மேல் பகுதி போனவருக்கு அடைப்பான் போட்டால் மிச்சமிருக்கும் கீச்சு ஒலிகளும் மறைந்து, தறியின் தாறுமாறு தெரியாமல் போகலாம். ஆகவே அவருக்கு ஆகப் பலமாக அடைக்கும் பிளக்கை வாங்காதீர்கள், நடுத்தரமானது போதும். எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் வகை ஒன்று வாத்தியக்காரர்களுக்காக வருகிறது, விலை கூடுதல், முடிந்தால் அவருக்கு அது நல்லது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பையன் தறி ஓட்டும்போது காதில் புளூடூத் மாட்டிப் பாட்டுக் கேட்கிறானா? அந்த வயதுப் பையன்கள் பலர் கேட்கிறார்கள். 100 டெசிபெல் தறியை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டை அதற்கு மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போது தறியும் பாட்டுமாக இரண்டு அடி. பாட்டே இல்லாமல் 12 மணி நேரம் நின்றபடி வேலை பார் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தறி ஓடாத இடத்தில் எந்த அளவு இதமாகக் கேட்கிறதோ அந்த அளவில் வைத்துவிட்டு, பட்டறைக்குள் ஒரு புள்ளிகூட ஏற்றக் கூடாது. அந்த அளவில் பாட்டுக் கேட்கவில்லை என்றால், உள்ளே பாட்டு வேண்டாம். மாட்டியிருப்பது காது அடைப்பான் ஆகிவிடாது என்பதையும் அவனுக்குப் புரிய வையுங்கள்.

பட்டறையில் செய்யக் கூடியதும் உண்டு. சத்தத்தில் பெரும்பங்கு பிக்கர் நாடாவை அடிப்பதிலும், மறுமுனைப் பெட்டியில் நாடா வந்து மோதி நிற்பதிலும் பிறக்கிறது. தேய்ந்த பிக்கர், ஆடும் போல்ட், பிய்ந்துபோன தோல் பஃபர் இவற்றை உடனுக்குடன் மாற்றினாலே சில டெசிபெல் இறங்கும். பட்டறைக்காரருக்கும் இதில் லாபம்தான், நாடா உடைவது குறையும்.

மிஷின் விஷயம். காதுக் கருவி இருக்கிற காதைக் கெடுக்காது, முறையாக அளந்து செட் செய்திருந்தால். கெடுப்பது ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ஒலிபெருக்கிகள். அவை கனத்த ஒலியையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தூக்கும். இவருக்குக் கனத்த ஒலி நன்றாகவே கேட்கிறது, தேவை 2000-த்துக்கு மேலே மட்டும். காதுத் துளையை முழுக்க அடைக்காமல், மெல்லிய ஒயர் மட்டும் உள்ளே போகும் டிஜிட்டல் வகை அவருக்குப் பொருந்தும். அவருடைய ஆடியோகிராமை, அதாவது இந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்து, கேட்கும் திறனை அளக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் கணினியில் அதை அமைக்க வேண்டும். வாங்கும் முன் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். முதல் வாரம் பாத்திரம் உரசுவதும் பிளாஸ்டிக் பை சரசரப்பதும் எரிச்சலூட்டும், அதோடு கழற்றி வைத்தவர்கள்தான் "மிஷின் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்வது. இரைச்சலும் பலருக்குக் கருவி போட்டதும் குறைகிறது.

ஆனால் ஒன்று, அந்தக் கருவியோடு அவர் பட்டறைக்குள் நுழையவே கூடாது. போட்டுக்கொண்டு போனால் தறிச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கும். ஆஃப் செய்து வைத்திருந்தாலும் அது அடைப்பான் ஆகாது. வீட்டுக்குக் கருவி, வேலைக்குப் பிளக்.

நஷ்டஈடு கேட்டீர்கள். சத்தத்தால் வரும் செவித்திறன் குறைபாடு நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதனால் கேட்பதற்கு உரிமை உண்டு. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் போக வேண்டும். பிடித்தம் இல்லாத தொழிலாளி, தொழிலாளர் துறை அலுவலகம் மூலம் முதலாளியிடம் இழப்பீடு கோரலாம். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பட்டறையில் இத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். கூலி நோட்டு, அட்வான்ஸ் எழுதிக்கொடுத்த சீட்டு, எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாமல் வையுங்கள். சொந்தத் தறி போட்டுக் கூலிக்கு நெய்பவராக இருந்தால் முதலாளி என்று காட்ட ஆளே இருக்காது. முன்பணம் வாங்கிவிட்டு வாய் திறக்கத் தயங்குவதும் உங்கள் பக்கம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், என்னைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பொறுத்தவரை, 2016 சட்டப்படி பேச்சுக்கான சுருதிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பு வேண்டும். அவர் இப்போது அந்த அளவில் இல்லை.

பொறுமையாகப் பார்க்கக் கூடாதது ஒன்றும் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ, கேட்காமல் போனால் அது தறிச் சத்தத்தின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அது அவசரம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும், சீக்கிரம் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தலைசுற்றல், சீழ், ஒரு காது மட்டும் மற்றதைவிட அதிகமாக மோசமாவது, இவற்றுக்கும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து செய்ய வேண்டியது டெஸ்ட், அதுவும் மூன்று பேருக்கும். தார் சுற்றுகிறேன் என்று எழுதிய நீங்களும் அதே கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்க்கலாம். ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள், களைத்த காது தப்பான அளவைக் காட்டும். 14 மணி நேரமாவது தறிச் சத்தம் படாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். ஞாயிறு லீவு என்றால் திங்கள் காலை, பட்டறைக்குப் போகும் முன். சனி ராத்திரி முதல் பையன் காதில் எதையும் மாட்டக் கூடாது. டெஸ்ட் எடுப்பவரிடம் வழக்கமான சுருதிகளோடு 3000, 6000 இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், பள்ளம் சில சமயம் முதலில் அங்கேதான் தெரியும். பையனுடைய ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் பத்திரமாக வையுங்கள். வருடம் ஒருமுறை அதே இடத்தில் எடுத்து அதோடு வைத்துப் பாருங்கள். 4000-த்தில் 10 டெசிபெல் இறங்கியிருந்தால் பிளக்கைச் சரியாகப் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.